மேகமலைக்கு அந்தப் பக்கம் ஒரு தகப்பன்

சின்னமனூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு மேகமலையை யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. மாடியில் துணி காயப்போடப் போனால் முதலில் அதைத்தான் பார்ப்போம். மேகம் இறங்கியிருந்தால் துணியைக் கீழேயே கொடியில் போட்டுவிடுவோம். அந்த மலையில் ஏறி அடுத்த பக்கம் இறங்க முடிந்தால் போய்ச் சேருகிற சீமை ஸ்ரீவில்லிபுத்தூர். இடையில் முழுக்கக் காடு. 2021இல் இரண்டு பக்கத்துக் காட்டையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். ஆக, புலிக்கு இரண்டும் ஒரே ஊர். நாம்தான் ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

அந்தப் பக்கத்து ஊரில், ஆயிரம் வருஷத்துக்கு மேல் இருக்கும், ஒரு தோட்டக்காரர் இருந்தார். விஷ்ணுசித்தர் என்று பெயர். நந்தவனம் போட்டு, பூப்பறித்து, மாலை கட்டிப் பெருமாளுக்குக் கொடுப்பது அவர் வேலை. ஒருநாள் துளசிச் செடிக்கு அடியில் ஒரு பெண் குழந்தை கிடந்தது. தூக்கிக்கொண்டு வந்து வளர்த்தார். அந்தக் குழந்தைதான் ஆண்டாள். நமக்குச் சொல்லப்பட்ட கதையில் தாய் என்று ஒருவர் பெரிதாக வருவதே இல்லை. பூக்கூடையும் கைப்பிள்ளையுமாக ஒரு தகப்பன்தான் தெரிகிறார். அவரைத்தான் பெரியாழ்வார் என்கிறோம்.

இவரைப் பற்றி இப்போது ஏன் என்றால், எங்கள் வீட்டு நிலைமை அப்படி. வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஷிப்ட், மதியம் ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று வாரம் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற சிலருக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துக் கொடுக்கிறவன். லேப்டாப் இருந்தால் போதும், திண்ணையில் உட்கார்ந்தும் பார்க்கலாம். அதனால் பிள்ளைகள் இரண்டும் பெரும்பாலும் என் பொறுப்பு. பெரியவளுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. சின்னவன் இப்போதுதான் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறான், விழுந்தால் யார் பார்க்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம்தான் அழுகிறான்.

பெரியாழ்வார் திருமொழியைக் கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்தபோது என் மண்டையில் எதுவும் ஏறவில்லை. இப்போது நடுராத்திரியில், தோளில் ஒருத்தன் தூங்கிக்கொண்டிருக்க, ஒற்றைக் கையால் போனில் தள்ளித் தள்ளிப் படிக்கும்போது, இந்த ஆள் நிஜமாகவே பிள்ளை வளர்த்திருக்கிறார் என்று தெரிகிறது. வளர்க்காதவனால் இதை எழுத முடியாது. கண்ணனைக் குளிக்கக் கூப்பிடுவதற்கு ஒரு பதிகம், காது குத்தக் கூப்பிடுவதற்கு ஒரு பதிகம், பால் குடிக்கக் கூப்பிடுவதற்கு, பூச்சூட்ட, அந்தி நேரத்தில் கண்ணேறு படாமல் காப்பிட என்று வரிசையாக வைத்திருக்கிறார். தலைவாரும்போது பிள்ளை ஓடாமல் இருப்பதற்குக் காக்கையை உதவிக்குக் கூப்பிடுகிறார். வெண்ணெயும் புழுதியுமாக நாறிக்கொண்டு வந்து படுக்கலாம் என்று பார்க்கிறாயா, இன்றைக்கு விடமாட்டேன் என்று யசோதையாக நின்று மல்லுக்கட்டுகிறார். உலகத்தை அளந்தவன் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் அவனுக்கு எண்ணெய் தேய்க்கப் பாடுபடுகிறார்.

கேசவன், மாதவன் என்று ஆயிரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் குளிக்க வராத சாமி. எங்கள் வீட்டில் பெயர் கொஞ்சம் கம்மி, மற்றபடி அதே கதைதான்.

நான் வளர்ந்த விதத்தில் பக்தி என்றால் கேட்பது. பரீட்சைக்குக் கேட்டோம், மழைக்குக் கேட்டோம், வேலைக்குக் கேட்டோம். மேலே ஒருத்தர் இருக்கிறார், நம்மைப் பார்த்துக்கொள்வார். பெரியாழ்வார் கணக்கு அப்படியே தலைகீழ். மதுரையில் பாண்டியன் சபையில் பொற்கிழியை வென்றபிறகு அவரை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள் என்றும், அதைப் பார்க்கப் பெருமாளே கருடன்மேல் வந்து நின்றார் என்றும் கதை. வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் வரம் கேட்டிருப்பார்கள். இவருக்கோ வயிற்றைக் கலக்கிவிட்டது. இத்தனை சனம் பார்க்கிற இடத்தில் இவன் இப்படி வந்து நிற்கிறானே, கண் பட்டுவிடுமே என்று பயந்துபோய், யானை மணியைத் தாளமாக்கி, சாமிக்கே பல்லாண்டு பாடினார். அப்படித்தான் திருப்பல்லாண்டு வந்தது.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். சின்னவனை முதன்முதலாக ஒரு கல்யாணத்துக்குத் தூக்கிப்போனபோது என் மாமியார் செய்ததும் இதுதான். எல்லாரும் கொஞ்சக் கொஞ்ச அவர் முகம் சுண்டிக்கொண்டே போனது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உப்பு மிளகாயை எடுத்துச் சுற்றிப்போட்டார்.

அத்தை என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன். பிள்ளைகளுக்கு அம்மாச்சி. சின்னவன் பிறந்த புதிதில் அவர் குளிப்பாட்டியதைப் பார்க்க வேண்டும். சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேலே பிள்ளையைக் குப்புறப் போடுவார். முதலில் எண்ணெய், அப்புறம் பயத்தமாவு, அப்புறம் கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர். மூக்கில், காதில் தண்ணீர் போகாமல் உள்ளங்கையை நெற்றியில் அணைபோல வைத்துக்கொள்வார். துவட்டி, சாம்பிராணி காட்டி, வசம்பு தொட்டு, கன்னத்தில் மைப்பொட்டு வைத்து, தூளியில் போட்டு ஆட்டினால் பிள்ளை போன இடம் தெரியாது.

நான் வாசல்படியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், ஒரு நாள் தற்செயலாகக் கோயிலில் அபிஷேகம் பார்த்தபோது திக்கென்றிருந்தது. எண்ணெய், மாவுப்பொடி, மஞ்சள், தண்ணீர், துவட்டல், அலங்காரம், சாம்பிராணி, சாப்பாடு. கிட்டத்தட்ட அதே வரிசை. மதுரை மீனாட்சி கோயிலில் ராத்திரிப் பள்ளியறை பூஜை வரைக்கும் வைத்திருக்கிறார்கள். படுக்க வைத்துத் தாலாட்டாமல் நடை சாத்துவதில்லை. சாமியைக் குளிப்பாட்டித் தூங்கவைக்கிற வேலையை நம் ஆட்கள் எங்கே பழகியிருப்பார்கள் என்று யோசித்தால், கோயிலில் பழகி வீட்டுக்குக் கொண்டு வந்திருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யாரோ ஒரு கிழவியின் நீட்டிய காலில் தொடங்கியதாகத்தான் இருக்கும். இதற்குச் சான்று கேட்காதீர்கள். என் ஊகம்.

குழந்தையும் தெய்வமும் கொண்டாடின இடத்திலே என்று ஒரு சொலவடை உண்டு இல்லையா. மேடைக்கு மேடை இதைக் குழந்தை உள்ளம், கள்ளமில்லா உள்ளம் என்கிற மாதிரி விளக்குகிறார்கள். ஒரு பலூனும் இரண்டு பிள்ளைகளும் உள்ள அறையில் அரைமணி நேரம் இருந்து பார்த்தவர் யாரும் கள்ளமில்லை என்று சத்தியம் செய்ய மாட்டார். சொலவடை அதைச் சொல்லவே இல்லை. கொண்டாடுகிற இடத்தில்தான் ரெண்டும் தங்கும் என்கிறது, அவ்வளவுதான். வேலை முழுக்க நம்முடையது. பெரியாழ்வாரின் கண்ணனும் ஒன்றும் சாது இல்லை. திருடுகிறான், பானையை உடைக்கிறான், அக்கம்பக்கத்துப் பெண்கள் வரிசையாக வந்து யசோதையிடம் பிராது வைக்கிறார்கள். குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை மதுரையில் திருமலை நாயக்கர் முன்னால் அரங்கேற்றியபோது, அம்மனே சின்னப் பெண்ணாக வந்து நாயக்கர் மடியில் உட்கார்ந்து, அவர் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்குப் போட்டாள் என்று சொல்வார்கள். தெய்வீக அற்புதம் என்று பெரியவர்கள் உருகுவார்கள். எனக்கு என்னவோ, அடுத்தவர் மடியில் ஏறி, அவர் கழுத்தில் கிடப்பதைப் பிடுங்கி, மூன்றாவது ஆளிடம் கொடுக்கிற வேலையைத் தினம் பார்க்கிறவன் என்பதால், வந்தது குழந்தைதான் என்பதில் துளியும் சந்தேகம் வரவில்லை.

சரி, இப்போது எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு வருகிறேன்.

எங்கள் பெரியப்பாவுக்குக் காமயகவுண்டன்பட்டி போகிற வழியில் பன்னீர் திராட்சைத் தோட்டம். இந்தப் பழத்தை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்கிறார்கள். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கல்தூண் நட்டு, மேலே கம்பி இழுத்து, கொடியைப் பந்தலில் படரவிட்டிருப்பார்கள். உள்ளே குனிந்துதான் நடக்க வேண்டும், நான்கு வயசுக்காரியைத் தவிர. அவள் நிமிர்ந்து நடப்பாள். அதனால் எங்கள் கண்ணுக்குத் தப்பியது அவள் கண்ணுக்குத் தப்பவில்லை. கொடி கவைக்கிற இடத்தில் ஒரு கிண்ணம் மாதிரிக் கூடு. கொண்டைக்குருவி கட்டியது.

கொண்டைக்குருவி தெரியும்தானே? கருப்புத் தலை, சின்னக் கொண்டை, வாலுக்கு அடியில் சிவப்பு. மின்கம்பியில் ஜோடியாக உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்குமே, அதுதான். சில ஊர்களில் சின்னான் என்பார்கள். இளஞ்சிவப்பு முட்டையில் செம்புள்ளி தெளித்திருந்தது. ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருப்பதால் அடைகாப்பது யார், வெளியே போயிருப்பது யார் என்று நமக்குக் கண்டுபிடிக்க முடியாது. பெரியவள் மட்டும் உறுதியாகச் சொன்னாள்: "உள்ள இருக்கிறது அப்பா. அம்மா டூட்டிக்குப் போயிருக்கு."

குஞ்சு பொரித்ததும் எங்களுக்கு வேடிக்கை பார்ப்பதே வேலையாகிப்போனது. தொடவில்லை, கிட்டே போகவில்லை. இரண்டு தூண் தள்ளி உட்கார்ந்துகொள்வோம். பிறந்த குஞ்சுக்குக் கண் திறக்காது, உடம்பில் ஒரு முடி இருக்காது. வாய் மட்டும்தான் தெரியும். தாய் தகப்பன் வந்து உட்காருகிற அசைவில் கூடு லேசாக ஆடும். அந்த ஆட்டத்துக்கே வாயைப் பிளந்துவிடும். வந்தது யார் என்று அதுக்குத் தெரியாது. திறந்தபிறகுதான் தெரியும், சிலநேரம் அப்போதும் தெரியாது. காற்று அடித்துக் கொடி ஆடினாலும் திறக்கும்.

நம்பிக்கையைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் இந்த இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். கண்மூடித் திறந்த வாய், ஊட்டுகிற கை, அப்படித்தான் நாம் இறைவனிடம் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கும். எனக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோது குஞ்சின்மேல் கவனம் போகவே இல்லை. புழுவோடு திரும்பத் திரும்ப வருகிற அந்த இரண்டு பெரிசுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழுத்த திராட்சை தலைக்கு மேலேயே தொங்குகிறது. தான் தின்பதற்குப் பழம் போதும். ஆனால் குஞ்சுக்கு அது செல்லாது, பூச்சிதான் வேண்டும். தேடிப் போகிறது. ஊட்டிவிட்டு, சும்மா பறக்காமல் ஒரு நிமிஷம் நின்று குனிந்து பார்க்கும். குஞ்சு பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டும். எச்சம் ஒரு வெள்ளைச் சவ்வுப்பைக்குள் கட்டியாக வரும். அதை அலகில் கவ்விக்கொண்டு போய்த் தூரப் போட்டுவிட்டு, வருகிற வழியில் மறுபடி பூச்சி. கூடு நாறினால் பாம்புக்கும் எறும்புக்கும் தெரிந்துவிடும் அல்லவா.

பெரியவள் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, அது உன்ன மாதிரியே பண்ணுது!" பந்தலுக்கு அடியில் மருந்தடிக்க வந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. தம்பியின் டயப்பரை அன்று காலையிலிருந்து எத்தனை மாற்றினேன் என்பது அவளுக்குத் தெரியும்.

மருந்து என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பன்னீருக்கு மருந்தடிக்காமல் காலம் தள்ள முடியாது என்று பெரியப்பா சொல்வார், அடிச்சாம்பல் வந்தால் தோட்டமே போய்விடும் என்பார். அவர் கஷ்டம் அவருக்கு. ஆனாலும் கூடு இருந்த வரிசையை மட்டும் கையால் விலக்கி, "ஏப்பா, இந்தக் கொடிக்கு வேணாம், அப்பறம் பாத்துக்கலாம்" என்று ஆளிடம் சொன்னார். கோயிலுக்கே போகாத மனுஷன் அவர்.

அப்புறம் ஒரு நாள் காலையில் போனபோது கூடு ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. தூணுக்குப் பக்கத்தில் ஒரு செம்போத்து, தரையில் நிதானமாக நடந்து போய்க்கொண்டிருந்தது. செம்போத்தைப் பார்த்தால் நல்ல சகுனம் என்று ஊரில் சொல்வார்கள். எதிரே வந்தால் போகிற காரியம் ஜெயம். அந்தப் பறவைக்கு அடுத்த கூட்டுக் குஞ்சும் முட்டையும் தீனி என்பது சகுனம் பார்க்கிறவர்களுக்கு முக்கியமில்லை.

"சாமி ஏம்ப்பா காப்பாத்தல?"

இந்தக் கேள்விக்குப் பதில் இருப்பதாக நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். விதி என்பார்கள், முன்வினை என்பார்கள், இயற்கையின் சமநிலை என்று படித்தவர்கள் சொல்வார்கள். நான்கு வயதுப் பிள்ளையிடம் இதில் எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். செம்போத்துக்கும் குஞ்சு இருக்கும், அதுக்கும் பசிக்கும் என்றேன். அவள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. நானும் அதை ஒரு பதிலாகச் சொல்லவில்லை. குருவிகளில் ஒன்று வாயில் பூச்சியோடு வந்து, காலிக்கூட்டைச் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம். பூச்சியைக் கீழே போடவே இல்லை. நாங்கள் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

அந்தக் கொண்டைக்குருவிகளிடம் நான் கற்றுக்கொண்டது என்ன என்று யாராவது கேட்டால், ஆறுதலான எதுவும் இல்லை என்றுதான் சொல்வேன். பார்த்துக்கொள்வதற்கு உத்தரவாதம் கிடையாது. அடுத்த பூச்சியைப் பிடிக்கும்போது செம்போத்து வராது என்று யாரும் அதற்கு வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காமலேயேதான் அவ்வளவு நடையும் நடந்தது. பிள்ளை வளர்ப்பிலும் ஒருவர் வாக்குக் கொடுத்துவிட்டு நம்மை இதில் இறக்கவில்லை. பெரியாழ்வார் சாமிக்கே கண்பட்டுவிடும் என்று பயந்தவர் அல்லவா, அவருக்கு இது தெரிந்திருக்கிறது. பாதுகாப்பாக இருக்கிறவனைப் பார்த்து யாராவது காப்புக் கட்ட ஓடுவார்களா?

சித்திரையில் பெரியவளுக்கு அம்மை போட்டது.

முதல்நாள் லேசான காய்ச்சல். மறுநாள் முதுகில் நீர் கோத்த மாதிரி ரெண்டு மூணு. என் வீட்டுக்காரி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சிக்கன்பாக்ஸ்தாங்க" என்றாள். அத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா வந்திருக்கா" என்றார். அடுத்த பத்து நிமிஷத்தில் இருவரும் இரண்டு திசையில் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். ஒருத்தி டாக்டருக்கு போன் போட்டு, மாத்திரை வாங்கி, நகத்தை ஒட்ட வெட்டி, தம்பியைத் தனியறைக்கு மாற்றினாள். இன்னொருத்தர் வாசலில் வேப்பிலைக் கொத்துச் செருகி, பாயை விரித்து வேப்பிலை பரப்பி, அடுப்பில் தாளிப்பை நிறுத்தினார். நடுவில் நான் என்ன செய்வது என்று தெரியாமல் இளநீர் வாங்கப் போனேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. மாத்திரையைக் கொடுக்கச் சொல்லி மணி பார்த்துக் கூப்பிட்டதே அத்தைதான்.

இதைப் பழம்பஞ்சாங்கம் என்று நண்பன் ஒருத்தன் கிண்டல் செய்தான். இருக்கலாம். ஆனால் ஒரு காலத்தில் இந்த மண்ணில் பெரியம்மை வந்தால் மருந்து கிடையாது. தடுப்பூசி வந்து, உலகத்திலிருந்தே அது ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980இல்தான். தடுப்பூசி கிடைக்கும் வரைக்கும் ஒரு தாய்க்குக் கையில் இருந்தது என்ன? வேப்பிலை, மஞ்சள், குளிர்ந்த ஆகாரம், வீட்டைவிட்டு யாரும் போகாமல் வராமல் இருப்பது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோய் வந்த பிள்ளையை ஒதுக்குவதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. அந்த இடத்தில், வந்திருப்பது நோய் இல்லை, அம்மன், அவளுக்கு முகம் சுளிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, கேட்டதைக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதியை ஏற்படுத்திய அந்த மனசு யாருடையதோ. கொப்புளம் நிறைந்த முகத்தைப் பார்த்துக் கும்பிடச் சொன்ன மனசு.

எங்கள் வீட்டில் நாங்கள் பெரியவளைக் கும்பிட்டோம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி முழுக்க, அரிக்கிறது அரிக்கிறது என்று அவள் புரள, சொறிந்தால் தழும்பாகும் என்பதால் வேப்பங்கொழுந்துக் கொத்தால் முதுகில் மெல்ல வருடிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் முழித்துக்கொள்வாள். வீட்டுக்காரி நைட் ஷிப்டில் இருந்த ராத்திரிகளில் நானும் அத்தையும் மாற்றி மாற்றி வருடினோம். எனக்கு அந்த நேரத்தில் பக்தி உணர்ச்சி எதுவும் வரவில்லை, உண்மையில் கொட்டாவிதான் வந்தது. அத்தை ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். மந்திரமாக இருக்கும் என்று காதைக் கொடுத்துக் கேட்டால், "இந்தா, போயிருவா, போயிருவா எஞ்சாமி, நாளைக்கு நுங்கு வாங்கித் தாரேன்" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அது யாரிடம் சொன்னது என்று எனக்கு இன்னும் தெரியாது.

கொப்புளம் காய்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றியபிறகு அத்தை ஒரு நேர்த்திக்கடனை அவிழ்த்துவிட்டார். வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அடுத்த சித்திரையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதாக அப்போதே வேண்டிக்கொண்டாராம்.

வெளியூர்க்காரர்களுக்காக: தேனிக்குத் தெற்கே, முல்லையாற்றங்கரையில் இருக்கிறது வீரபாண்டி. பார்வை போன பாண்டிய மன்னன் ஒருவன் இங்கே வழிபட்டுக் கண் பெற்றான் என்பது தலக்கதை. சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் கோயிலுக்கு முன்னே முக்கம்பம் நடுவார்கள். அன்றிலிருந்து சனம் ஆற்றில் இறங்கிக் குடத்தில் மொண்டு வந்து கம்பத்துக்கு ஊற்றிக்கொண்டே இருக்கும். அக்கினிச்சட்டி, ஆயிரங்கண் பானை, உடம்பெல்லாம் சேற்றைப் பூசிக்கொண்டு வருகிற சேத்தாண்டி வேடம் எல்லாம் திருவிழா நாளில் பார்க்கலாம், கண்ணைப் பறிக்கும். எனக்கு அதைவிடப் பிடித்தது இந்தத் தண்ணீர் ஊற்றுகிற வேலைதான். வெயில் காலத்தில், வெறும் மரக்கம்பத்துக்கு, வரிசையில் நின்று தண்ணீர். அது துளிர்க்கப்போவதில்லை. ஊற்றுகிறவர்களுக்கும் அது தெரியும்.

அந்த ஆற்றுத் தண்ணீரும் சும்மா வந்ததில்லை. மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய பெரியாற்றை அணைகட்டி மறித்து, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிவிட்டார் ஜான் பென்னிகுயிக், 1895இல். அதனால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் நெல். ஜனவரி 15 அவர் பிறந்தநாள். தைப் பொங்கலோடு சேர்த்து அவருக்கும் பொங்கல் வைக்கிறோம். இங்கிலாந்து எஞ்சினியருக்கு எங்கள் பெண்கள் குலவை போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? வந்து பாருங்கள். இந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீர் ஊற்றியவர் யாராக இருந்தாலும் கணக்கில் சேர்த்துக்கொள்வோம்.

இதே தையில் பெரியவளைக் கம்பத்துக்கு, அதாவது கம்பம் ஊருக்கு, மாட்டுப்பொங்கல் அன்று கூட்டிப்போனேன். அங்கே நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத்தொழு என்று ஒன்று இருக்கிறது. கோயில்தான், ஆனால் சிலை கிடையாது. தொழுவில் நிற்கிற மாடுகள்தான் தெய்வம், பட்டத்துக்காளைக்குத்தான் கும்பிடு. கூட்டத்தில் அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"சாமி எங்கப்பா?"

"இந்தா நிக்குதே."

"அது கரும்பு திங்குது."

"ஆமா."

ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தன் கையில் இருந்த வாழைப்பழத்தை, பாதி கடித்தது, நீட்டினாள். எச்சில் பழம் சாமிக்கு ஆகாது என்று யாராவது சொல்வார்களோ என்று சுற்றிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் தோலை உரிக்க வேண்டாம், அப்படியே கொடு என்று மட்டும் சொன்னார். மாடு வாங்கித் தின்றுவிட்டு அவள் விரலையும் நக்கியது. கீழே இறங்கியதும் அவள் கேட்டது, "நாளைக்கு அதுக்கு யாரு சாப்பாடு குடுப்பா?"

ஆன்மிகப் பத்திரிகைகளில் பக்தர்கள் கேட்கும் கேள்விகள் என்று ஒரு பகுதி வரும். எந்தத் திசையில் விளக்கேற்ற வேண்டும், எந்தக் கிழமை எந்தக் கோயில் போன்றவை. நாளைக்கு அதுக்கு யார் சாப்பாடு கொடுப்பார்கள் என்று இதுவரை யாரும் கேட்டு நான் படித்ததில்லை.

போன வாரம் பெரியப்பா தோட்டத்தில் கவாத்து முடிந்துவிட்டது. பழைய கூடு இருந்த கொம்பும் போயிருக்கும், பெரியவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வெட்டின இடத்தில் கொடி சொட்டுச் சொட்டாக நீர் விட்டுக்கொண்டிருந்ததைக் காட்டி, "அழுகுதா?" என்றாள். பெரியப்பா, "வேரு தண்ணிய மேல அனுப்புதுத்தா, துளிர் விடப்போகுது" என்றார். கொண்டைக்குருவி ஜோடி ஒன்று மின்கம்பியில் உட்கார்ந்திருந்தது. அதே ஜோடியா, வேறா, தெரியாது. ஒரு ஈடு போனால் அடுத்த ஈடு வைக்கிற பறவை அது.

இப்போது வீட்டில் பெரிய விவாதம் வீரபாண்டிப் பயணம்தான். கம்பம் நட்டபிறகு எந்த நாள் போவது என்று முடிவாகவில்லை. அத்தைக்குச் செவ்வாய்க்கிழமைதான் வேண்டும். செவ்வாய் என்றால் பஸ்ஸில் கால் வைக்க முடியாது, சின்னவனை வைத்துக்கொண்டு நடக்காது என்கிறேன் நான். "மாப்ள, நாள நீங்க பாக்காதீங்க, புள்ளையப் பாருங்க" என்கிறார் அத்தை. வீட்டுக்காரிக்கு அடுத்த மாச டூட்டி சார்ட் இன்னும் வரவில்லை. பெரியவளுக்கு இது எதுவும் பிரச்சினையில்லை. அவளுக்கு அடுத்தவர் குடம் ஆகாது, தனக்கென்று ஒரு குடம் வேண்டும். அடுப்படியில் இருந்த பிளாஸ்டிக் குடத்தைக் காட்டினேன். அம்மாச்சி கூடாது என்றுவிட்டார். சின்னதாகப் பித்தளையில் கிடைக்குமா என்று சின்னமனூர்ப் பாத்திரக்கடையில் கேட்டு வைத்திருக்கிறேன். அவள் தூக்கிக்கொண்டு ஆற்றுப்படி ஏறுகிற கனத்தில் இருக்க வேண்டும். கடைக்காரர் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.